முதலில் தண்ணீர், பிறகு சோப்பு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஷேவிங் செட்டுக்கு மவுசு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆடு மாடு விற்ற சந்தை அது. இன்று பூச்செடி, கோழிக்குஞ்சு, பழைய டிவி, துருப்பிடித்த சைக்கிள், கிராமபோன் பெட்டி என்று கிடைக்காத பொருள் குறைவு. பம்மலிலிருந்து நடந்தே போய்விடலாம். தார்ப்பாய் விரித்துப் பித்தளைப் பூட்டும் கைக்கடிகாரமும் பரப்பியிருக்கும் வியாபாரிகளிடம் இப்போது நிக்கல் பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிகிற ரேஸர்களும் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் காலமான பிறகு பரணை ஒழித்து, காயலான் கடையில் எடைக்குப் போட்ட சாமான்கள். ரேடியல் ரோடு கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடியின் அடியைத் திருகி, மேலே இரண்டு கதவும் ஒன்றுபோல் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். "இங்கிலாண்டு சரக்கு சார். முழுசும் பித்தளை. இப்ப வர்றதெல்லாம் டப்பா" என்கிறார் வியாபாரி. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

என் மகனும் அப்படி ஒன்றை வாங்கி வந்தான். என் அப்பா அதே மாதிரி ஒன்றை வைத்திருந்தார். "வெறும் இரும்புச் சாமான்" என்று அதை நாங்கள் தூக்கிப் போட்ட வருஷத்தில் இவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஏழ்மையின் அடையாளம் என்று நாங்கள் விட்டொழித்ததை, இவன் தலைமுறை மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் கருவி திரும்பி வந்த வேகத்தில் அதோடு இருந்த அறிவு திரும்பி வரவில்லை. அந்த அறிவைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

பம்மலில் வளர்ந்தவனுக்கு அது தண்ணீரில் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்துக்குத் தோல் தொழில் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சென்னை மாகாணத்தில் குரோம் பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அறிமுகப்படுத்தினார். பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் குரோம்பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. நாகல்கேணியிலும் பம்மலிலும் தோல் ஷாப்புகள் பெருகின. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி அனுப்புவார்கள். இங்கே வந்ததும் தொட்டியில் ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவி விடுவார்கள். அடுத்து மயிர் கழல்வதற்குச் சுண்ணாம்புத் தொட்டி. அந்த உப்பும் சுண்ணாம்பும் எங்கே போகும்? மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்தன. பருப்பு வேகாத தண்ணீர், துணி வெளுக்காத தண்ணீர் என்று பெண்கள் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், சுத்திகரிப்பு வசதி செய்யாத தோல் ஷாப்புகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பம்மலில் ஷாப்புகளுக்கெல்லாம் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனாலும் நிலத்தில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பால் மேலே ஏறி வந்துவிடுவதில்லை. இன்றும் பல தெருக்களில் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

இதற்கும் முகச்சவரத்துக்கும் என்ன உறவு என்றால், எல்லா உறவும்தான். சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்த உப்பு. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொண்டு, கரையாத வெள்ளைத் திப்பியாக்கிவிடும். நுரையாக வேண்டிய சோப்பு மக்கின் ஓரத்தில் படலமாகப் படிந்து கிடக்கும். பிரஷ்ஷை எவ்வளவு சுற்றினாலும் கன்னத்தில் நிற்பது பெரிய பெரிய குமிழிகளாக இருக்கும். பிளேடு வருவதற்குள் உடைந்து காய்ந்துபோகும். இத்தாலிச் சோப்பு வாங்கியும் நுரை வரவில்லை என்று மகன் வருத்தப்பட்டபோது நான் சோப்பைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தேன்.

அப்பா ரசாயனம் படித்தவர் அல்ல, பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் அவர் ஷேவ் செய்து நான் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழே அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர். அது தீர்ந்தால் குடிப்பதற்குப் பிடித்து வைத்திருக்கும் பாலாற்றுத் தண்ணீரில் அரை டம்ளர்.

"ஏங்க, குடிக்கிற தண்ணியிலயா மூஞ்சி வழிக்கணும்?" என்பாள் அம்மா.

"அரை டம்ளர்தான், விடு. உன் கெணத்துத் தண்ணிக்கு சோப்பு கரையறதுக்குள்ள டிரெயின் தாம்பரத்த விட்டுக் கெளம்பிரும்."

அந்த மின்சார ரயிலை நான் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரமாகவே நினைக்கிறேன். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, தென்புறத்துக் கிராமங்களில் குடியிருந்துகொண்டு ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பது சாத்தியமாயிற்று. தினம் காலையில் மழித்த முகத்தோடு மேஜை முன்னால் போய் உட்கார வேண்டும். வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வரும் நாவிதரை நம்பி அது நடக்காது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற சேஃப்டி ரேஸர் எங்கள் ஊர் வீடுகளுக்குள் நுழைந்ததற்கு அந்த ரயில் அட்டவணைதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். ரேஸர், பிரஷ், சோப்பு டப்பா, கையளவு கண்ணாடி எல்லாம் சேர்த்து "ஷேவிங் செட்" என்றோம். ரேஸர் ஒன்றை மட்டும் சொல்வதற்கும் அதே பெயர்தான்.

நாவிதர் தாத்தாவுக்காக வந்தார். முன் வாசல் வழியாக அவர் வந்து நான் கண்டதில்லை. பக்கச் சந்தில் நுழைந்து, வேப்ப மரத்தடியில் அடைப்பத்தை அவிழ்த்துக் காத்திருப்பார். தாத்தாவைவிட அவர் வயதில் சிறியவர் அல்ல. இருந்தும் தாத்தா அவரை ஒருமையில்தான் கூப்பிடுவார். வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டோம். அது தவறு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரோ நாலு வயதுப் பிள்ளையையும் "தம்பி, வாங்க" என்பார். அந்தக் கைகளுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அவரிடம் சோப்பு இருந்ததுண்டு, இல்லாததும் உண்டு. தண்ணீர் இல்லாமல் அவர் தொடங்கியதே இல்லை. பித்தளைக் கிண்ணத்தில் விரலை நனைத்து நனைத்துத் தாடையில் தேய்ப்பார். தாத்தா பொறுமை இழந்தால், "மயிரு ஊறணுங்கய்யா. ஊறாம கத்தி வச்சா தோலுதான் வரும்" என்பார். இன்றைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: காய்ந்த தாடி மயிர் கடினமானது, இரண்டு மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். சோப்பு நுரையின் முதல் வேலை அந்த ஈரத்தை மயிரோடு பிடித்து வைப்பது. வழுக்கலும் வாசனையும் அதற்குப் பிறகு.

கத்தியைச் சாணைக்கல்லில் எப்போதாவதுதான் தீட்டுவார். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் தோல்வாரில் முன்னும் பின்னுமாக இழுப்பார். கடைசியில் தன் உள்ளங்கையில் இரண்டு இழுப்பு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு கெட்டித்தன்மையும் மெல்லிய இழுவையும் உண்டு; வாருக்கு அதைவிட நல்லது கிடையாது. தோலால் பிழைத்த ஊர் எங்கள் ஊர். நல்ல தோல் எது என்று தேடி அவர் அதிக தூரம் போயிருக்க வேண்டியதில்லை. முகத்தில் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்பதை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். கன்னத்தில் கீழ்நோக்கி, குரல்வளைக்குக் கீழே மேல்நோக்கி, தாடை மூலையில் சுழியாக. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரைபடம் அவர் மனசில் இருந்தது. முடித்ததும் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தடவல். சிறு கீறல் இருந்தால் ரத்தம் அங்கேயே நின்றுவிடும்.

பம்மல் என்ற பெயரை ஊர் உலகம் அறியச் செய்தவர் நாடகாசிரியர் சம்பந்த முதலியார். 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு அதில் பெயர் பெற்றவர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையில் பெண்ணாக நிற்க வேண்டுமானால், அவர்களுக்கு முன்னால் ஒரு நாவிதர் நின்றிருக்க வேண்டும். நாடக வரலாற்றில் அந்தக் கலைஞர்களின் பெயர்களை யாராவது குறித்து வைத்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

அந்தக் கத்தியும் வாரும் சலூன்களில் இருந்து மறைந்ததற்குக் காரணம் நாகரிகம் அல்ல, ஒரு நோய். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில் சலூன் கத்தி முக்கியமான இடம் பிடித்தது. ஒரே கத்தியை வாரில் இழுத்து எல்லார் முகத்திலும் வைப்பது நின்றது. பிளேடு உறையைக் கண் முன்னால் பிரித்து, இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகும் வழக்கம் வந்தது. அது வரவேண்டிய மாற்றம். எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். தோல்வாரில் கத்தி தீட்டத் தெரிந்த கைகள் வேலையற்றுப் போனதும் அதோடுதான் நடந்தது.

வீட்டில் அப்பாவின் பிளேடு சிக்கனத்தின் சரித்திரம். பழைய கார்பன் எஃகு பிளேடு துடைக்காமல் வைத்தால் மறுநாளே துருவேறும். அவர் அதைக் கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் விரலால் அழுத்தி அப்படியும் இப்படியும் தேய்த்து இன்னும் சில நாள் ஓட்டுவார். 1960களில் வில்கின்ஸன் ஸ்வோர்டு கம்பெனி துருப்பிடிக்காத பிளேடை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே பனாமா, பாரத், டோபாஸ், செவன் ஓ க்ளாக் என்று பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கியவை எங்கள் மாதாந்திர மளிகைப் பட்டியலில் இருந்தன. முகத்துக்கு ஆகாத பிளேடு அம்மாவின் தையல் பெட்டிக்குப் போகும், தையல் பிரிக்க. அங்கிருந்து எங்கள் ஜாமெட்ரி பாக்ஸுக்கு, பென்சில் சீவ. சோப்பு பெரும்பாலும் குளிக்கிற சோப்பேதான். சம்பளம் உயர்ந்த வருஷங்களில் வட்டமான கோத்ரெஜ் ஷேவிங் சோப்பு. முகம் துடைத்த பிறகு பவுடர். அதுவும் எங்கள் பக்கத்துச் சரக்குதான். பல்லாவரத்தில் பான்ட்ஸ் கம்பெனி இருந்த இடத்தை இன்றும் பான்ட்ஸ் சிக்னல் என்றுதான் சொல்கிறோம்.

பிறகு இரட்டை பிளேடு, மூன்று பிளேடு, ஐந்து பிளேடு. அந்தக் காலத்தில்தான் நாங்கள் பழையதைத் தூக்கிப் போட்டோம். அதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2010இல் இந்தியாவுக்கென்றே வந்த ஜில்லெட் கார்டு ரேஸர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதற்கு முந்தைய ஒரு முயற்சியை அந்தக் கம்பெனி அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் பரிசோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டுத் திருப்திப்பட்டதாம். இங்கே வந்தபோது அது சிக்கிக்கொண்டு அடைத்தது. காரணம், அங்கே மாணவர்களுக்குத் திறந்துவிட்ட குழாய் இருந்தது. இங்கே ஆட்கள் தரையில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரில் ஷேவ் செய்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய ரேஸர் கம்பெனியும் கடைசியில் கற்றுக்கொண்டது தண்ணீரைப் பற்றித்தான்.

ஆகவே மகனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். போர்த் தண்ணீர் வேண்டாம். ஒரு முகத்துக்கு நுரை எழுப்ப அரை டம்ளர் போதும். குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் அந்த அளவை எடுத்துச் சூடு பண்ணு. ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கழிவு நீரை மட்டும் இதற்குத் தொடாதே. உப்பு அத்தனையும் அதில்தான் சேர்ந்திருக்கும். மழைநீர் சேகரிப்பை 2003இல் இந்த மாநிலம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மொட்டை மாடியிலிருந்து தொட்டிக்கு இறங்கும் அந்தத் தண்ணீர், வடிகட்டி வைத்தால், சோப்புக்கு அமிர்தம்.

சோப்பு வாங்கும்போது டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ஸ்டியரிக் அமிலம் முன்னால் இருந்தால் நுரை அடர்த்தியாக நிற்கும். தேங்காயெண்ணெய் சட்டென்று நுரைக்கும், ஆனால் அது மட்டும் போதாது. குளிக்கிற சோப்பில் சோடியம் காரம். நல்ல ஷேவிங் சோப்பில் அதோடு பொட்டாசியம் காரமும் சேர்ந்திருக்கும். பொட்டாசியம் சோப்பு மிருதுவானது, தண்ணீரைக் கூடுதலாக ஏந்தும், சீக்கிரம் காயாது. அப்பா குளிக்கிற சோப்போடு பட்ட பாட்டுக்கு விளக்கம் இதுதான். கடின நீரை விட்டால் வழியில்லை என்கிறவர்கள் ஈடிடிஏ சேர்ந்த சோப்பைத் தேடலாம். அது கால்சியத்தைக் கட்டிப்போடும். கோத்ரெஜ், பாமாலிவ் தொடங்கி இத்தாலியின் ப்ரொராஸோ, லண்டனின் டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் வரை இன்று விரலசைவில் கிடைக்கிறது. நல்ல தண்ணீரில் உள்ளூர்ச் சோப்பு தரும் நுரை, கெட்ட தண்ணீரில் லண்டன் சோப்பு தருவதைவிட மேல். இதை நான் யாரிடமும் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

பிரஷ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: சென்னைக்குச் செயற்கை இழைதான். பன்றி மயிரும் பேட்ஜர் மயிரும் அருமையானவைதான். எங்கள் கடலோரப் புழுக்கத்தில் அவை காய்வதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கின்றன, மழைக்காலத்தில் வாடை வீசத் தொடங்கும். செயற்கை இழை உதறினால் காய்ந்துவிடும். ஒரு மிருகத்தின் தோலும் போகாது.

ரேஸரைக் கடைசியாக வாங்கு என்றேன். பித்தளை, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு. விலை மலிவான ரேஸர்களில் பல துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பளபளப்பு ஏற்றியவை. பூச்சில் ஒரு பொட்டு உதிர்ந்தாலும் எங்கள் உப்புத் தண்ணீர் உள்ளே போய் அரித்துக் குழி பறித்துவிடும். சந்தையில் இருக்கும் அரை நூற்றாண்டுப் பித்தளை ரேஸர் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அதன் உலோகம். வாங்கியதும் சுடு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்துவிட வேண்டும். முகத்தில் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து, அழுத்தாமல், ரேஸரின் எடையிலேயே அதை இறங்கவிடு. பிளேடு எது நல்லது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு தோலுக்கு இதமானது இன்னொன்றுக்கு எரியும். நாலைந்து வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி நீயே பார்த்துக்கொள் என்றேன்.

ஷேவிங் கலையை மரப்பலகை பதித்த சுவரும் சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் சுடுதுண்டுமாக இன்று பெரிய ஊர்களில் விற்கிறார்கள். 1805இல் லண்டனில் தொடங்கிய ட்ரூஃபிட் அண்ட் ஹில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. மயிரை ஊறவைப்பது, படியும் திசை பார்ப்பது, கடைசியில் படிகாரம்; அங்கே நடப்பது அனைத்தும் எங்கள் வேப்ப மரத்தடியில் நடந்ததுதான். அந்த மரத்தடிக்காரரை முன் வாசல் வழியாக விடாத வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே முன்பதிவு செய்துகொண்டு காத்திருக்கிறார்கள். அவர் தொழிலை அவர் பேரன் பம்மல் மெயின் ரோட்டில் ஒரு சலூனில் தொடர்கிறார். மகனை அவரிடம்தான் அனுப்பினேன். "அண்ணா, என் முகத்துல மயிர் எப்படிப் படியுதுன்னு காட்டுங்க" என்று இவன் கேட்டதும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி முன் உட்காரவைத்து, விரலால் தடவி ஒவ்வொரு இடமாகக் காட்டினாராம். காசு வாங்க மறுத்தாராம், இவன் விடவில்லை.

இன்னொன்று பாக்கி. தினம் காலையில் குப்பை வண்டியோடு வருகிறவர்கள் நம் பையை வெறுங்கையால் பிரிக்கிறார்கள். தாள் சுற்றிய பிளேடும் அவர்கள் விரலை வெட்டும். காலியான பவுடர் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, பழைய பிளேடுகளை அதற்குள்ளேயே தள்ளிக்கொண்டே வர வேண்டும். நிறைய வருஷம் ஆகும் நிறைவதற்கு. நிறைந்ததும் டேப் ஒட்டி, "பிளேடு, கை ஜாக்கிரதை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, காயலான் கடையில் ஆளைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு டப்பாவில் மகன் அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.